அரைக் கூட்டை இழுத்துப் பார்க்கக் கூடாதாம்

ஏரிக்கரை ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. அங்கே ஒரு வழக்கம். ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னிவிட்டுப் பெண் குருவியைக் கூப்பிடுவான். அவள் வந்து அந்த அரைக் கூட்டில் தொங்குவாள், நாரை அலகால் பிடித்து இழுப்பாள், உதைத்துப் பார்ப்பாள். தாங்கினால், "சரி, மீதியை முடி" என்பாள். பிய்ந்தால் அவன் முதலிலிருந்து பின்ன வேண்டும்.

இதில் சடைச்சி என்ற குருவி பொல்லாதவள். அவளிடம் மூன்று தடவை தோற்றவர்களும் உண்டு. ஆனால் அவள் சரி என்று சொன்ன கூடு எந்தக் காற்றுக்கும் விழுந்ததில்லை.

ஆனி மாதத்தில் ஒரு குயில் அங்கே வந்து சேர்ந்தது. நல்ல குரல். கேட்க வேண்டுமா? வந்த அன்றைக்கே உபதேசம் ஆரம்பமாகிவிட்டது.

"என்னப்பா இது, ஆளுக்கொரு கூடு, ஆளுக்கொரு முடிச்சு? பார்க்கவே அலங்கோலமா இருக்கு. எல்லாக் கூட்டையும் ஒரே வரிசையாச் சேர்த்துப் பின்னுங்க. ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரே சுவர். மேலே மட்டையில ஒரே முடிச்சு. நார் எவ்வளவு மிச்சம் பாருங்க!"

ஆண் குருவிகள் வாயைப் பிளந்து கேட்டன. முதலில் தலையாட்டியவன் சடைச்சியின் கணவன் மஞ்சத்தலையன்தான்.

"அரைக் கூட்டை எப்ப இழுத்துப் பார்க்கிறது?" என்று சடைச்சி கேட்டாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? வேலைதான் கெடும். முழுசா முடிச்சதும் கூப்பிடுவாங்க. வந்து குடியேறு, போதும்" என்றது குயில்.

"நீங்க இதுவரைக்கும் எத்தனை கூடு கட்டியிருக்கீங்க?"

குயில் தொண்டையைச் செருமிக்கொண்டது. "நான் கட்டுற ஆள் இல்லம்மா. எப்படிக் கட்டணும்னு யோசிக்கிற ஆள்."

"உங்க வீட்டு முட்டையெல்லாம் காக்கா கூட்டுல கிடக்கு. நீங்க எங்க வீட்டுக்கு யோசனை சொல்ல வந்துட்டீங்களாக்கும்?"

"சும்மா இரு" என்று மஞ்சத்தலையன் அதட்டினான். "பெரியவங்க முன்னாடி என் மானத்தை வாங்காதே."

சடைச்சிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மானமாம், மானம்! வயிற்றில் முட்டை முதிர்ந்துகொண்டிருந்தது அவளுக்கு. பத்து நாளில் இட்டாக வேண்டும்.

அந்தப் பத்து நாளும் அவள் கிட்டே போனபோதெல்லாம், "முடியட்டும், முடியட்டும்" என்று விரட்டினார்கள். மற்ற பெண் குருவிகள் தங்களுக்குள் முணுமுணுத்ததோடு சரி.

பத்தாம் நாள் வேலை முடிந்தது. இருபது கூடும் ஒரே வரிசை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. குயில் அதைப் பற்றிப் பாடவே தொடங்கிவிட்டது.

"உள்ளே போ" என்றான் மஞ்சத்தலையன்.

"இழுத்துப் பார்க்காம போக மாட்டேன்."

யாரும் தடுப்பதற்குள் சடைச்சி ஓரக் கூட்டில் தொங்கி ஓர் இழுப்பு இழுத்தாள். ஓரச் சுவர் பிய்ந்தது. அது அடுத்த சுவரையும் பிய்த்துக்கொண்டு வந்தது. மேலே இருந்த ஒற்றை முடிச்சு அவிழ்ந்தது. இருபது கூடும் மொத்தமாக ஏரியில் விழுந்தன.

"பாவி, எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டியே" என்று ஆண்கள் பாய்ந்தார்கள்.

"நானா நாசம் பண்ணினேன்?" சடைச்சி சீறினாள். "நான் ஒருத்தி இழுத்ததுக்கே கையோட வந்துடுச்சு. உள்ளே முட்டையும் குஞ்சுமா இருக்கும்போது ஆடிக் காத்து அடிச்சிருந்தா யாரைத் திட்டியிருப்பீங்க? பாதியிலேயே இழுத்துப் பார்க்க விட்டிருந்தா ஒரு அரைக் கூட்டோட போயிருக்கும். இன்னிக்கு இருபதும் போச்சு."

சடைச்சிக்கு அதற்கு மேல் முட்டையை அடக்க முடியவில்லை. கூடில்லாத வெறும் மட்டையில் உட்கார்ந்து இட்டாள். மட்டையில் முட்டை நிற்குமா? உருண்டது. மஞ்சத்தலையன் அலறிக்கொண்டு பின்னாலேயே பாய்ந்தான். எட்டவில்லை. முட்டை தண்ணீரில் முங்கிப்போனது.

அப்போது குயில் வாயைத் திறந்தது. "திட்டத்துல ஒரு குறையும் இல்லை. கட்டினவங்கதான் சரியாக் கட்டலை."

அவ்வளவுதான். சடைச்சி அதன் நடு மண்டையில் கொத்தினாள். அடுத்த கொத்து மஞ்சத்தலையனுடையது. பிறகு மரமே கிளம்பித் துரத்தியது. குயில் அக்கரைக்குப் பறந்தது. அங்கேயும் ஈச்ச மரம் உண்டு. இதையே போய்ச் சொல்லும், அதற்கென்ன வெட்கமா? சடைச்சியின் முட்டை மட்டும் திரும்பவில்லை.

குடியிருக்காதவன் போட்ட திட்டத்தை நம்பி, குடியிருக்கப்போகிறவள் சோதித்துப் பார்ப்பதைத் தடுத்தால், பறிபோவது திட்டம் போட்டவனுடைய முட்டை அல்ல.