எப்போதாவது எடுக்காத கார்

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வயரிங் ஷெட். அங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்று, பெயர் ஜெசிந்தா. சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று, பெயர் அருமைநாயகம். மில்லை மூடிய பிறகு கார் மின்வேலை கற்க வந்தவர். வயது தலைகீழாக இருக்கிறதே என்று கேட்கிறவர்கள் தாராளமாகக் கேட்டுக்கொள்ளலாம். ஷெட்டுக்குள் யாரும் கேட்டதில்லை.

அன்று காலை அருமைநாயகம் ஒரு வெள்ளைக் காரை நாற்பதாவது தடவையாக ஸ்டார்ட் செய்தார். எடுத்தது.

"மேஸ்திரி! நாப்பது! நாப்பதுக்கு நாப்பது!" துள்ளாத குறைதான்.

அந்தக் காரை ஓட்டுகிறவர் மரகதவல்லி. கல்லூரிப் பெண்கள் விடுதியின் வார்டன். சில நாள் சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே எடுக்கும். சில நாள் கல் மாதிரிக் கிடக்கும். மூன்று ஷெட்டில் காட்டினார். மூன்றிலும், "வண்டி நல்லாத்தான் இருக்கு, ஓட்டுறவங்களைப் பாருங்க" என்று சிரித்து அனுப்பினார்கள். விடுதியில் எண்பது பெண்கள். போன வாரம் ஒருத்திக்கு மூச்சு இரைத்து உதடு நீலமாகிவிட்டது. பதினோரு பெண்கள் காரை மெயின் ரோடு வரை தள்ளி எடுக்க வேண்டியதாயிற்று.

விடுதி ட்ரஸ்டின் செயலாளர் சந்தானகோபால் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காரில் குறையில்லை என்று இங்கே சீட்டு எழுதி வாங்கிவிட்டால், வார்டனுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்றாகிவிடும்; திங்கட்கிழமையிலிருந்து கார் செயலாளர் வீட்டில் நிற்கும். அவசரமென்றால் விடுதியிலிருந்து போன் போட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"நீங்க குளிச்சு, சாப்பிட்டு, சட்டை மாட்டி வர்ற வரைக்கும் பிள்ளைக்கு மூச்சு காத்துக்கிட்டிருக்குமா சார்?" என்றார் மரகதவல்லி.

"அம்மா, நாப்பது தடவை எடுத்த வண்டி உங்க கைக்கு மட்டும் கோவிச்சுக்கிடுமாக்கும்?"

மரகதவல்லிக்கு முகம் சிவந்தது. அருமைநாயகம் சீட்டுக் கட்டை எடுத்து, 'குறை ஏதும் இல்லை' என்று எழுதினார். கையெழுத்துப் போடக் குனிந்தபோது சீட்டின்மேல் ஜெசிந்தாவின் கை வந்து விழுந்தது.

"பேட்டரி பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தேன். பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் குறையல."

"செல்ஃப் மோட்டார்?"

"கழட்டி மாட்டியாச்சு. பம்பரமாச் சுத்துது."

"எர்த் வயர்?"

"சுரண்டிப் புதுசா முறுக்கியாச்சு."

"வார்டனம்மாவை?"

"அவங்களை என்னத்தப் பாக்க?"

ஜெசிந்தா சீட்டுக் கட்டை வாங்கி ஓரமாக வைத்தாள். அருமைநாயகம் விடுகிற ஆளா?

"நியாயம் பேசுவோம் மேஸ்திரி. எடுக்குதுன்னு நாப்பது சாட்சி. எடுக்கலன்னு ஒரே ஒரு சாட்சி. எதை நம்பணும்?"

ஜெசிந்தா கார் சாவியை உருவி மரகதவல்லியிடம் நீட்டினாள்.

"அக்கா, ஆஸ்டல்ல காலையில எப்படி எடுப்பீங்களோ, அப்படியே எடுங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க."

மரகதவல்லி காரில் ஏறினார். இருக்கையை முன்னால் இழுத்தார். கண்ணாடியைத் திருப்பினார். பிறகு இடுப்பில் செருகியிருந்த பெரிய இரும்பு வளையத்தை எடுத்து, அதில் கார் சாவியைக் கோத்தார். வளையத்தில் ஏற்கெனவே இருபது, இருபத்தைந்து சாவி கிடந்தது.

"இது எதுக்கும்மா?" என்றார் அருமைநாயகம்.

"ஆஸ்டல் சாவி. எல்லாம் ஒண்ணாத்தான் கிடக்கும். ஷெட்டுல வண்டிய விடும்போது கார் சாவிய மட்டும் கழட்டிக் குடுப்பேன். எண்பது பிள்ளைங்க இருக்கிற வீட்டுச் சாவிய எவளாவது ஒர்க்‌ஷாப்புல விட்டுட்டுப் போவாளா அண்ணாச்சி?"

திருப்பினார். எடுத்தது. சந்தானகோபால் தொடையில் தட்டிச் சிரித்தார்.

மறுபடி. எடுத்தது.

மறுபடி. எடுத்தது.

நான்காம் தடவை காரில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு 'டிக்' கூட இல்லை.

"எடுக்கல!" என்று கத்தினார் அருமைநாயகம். "எடுக்கல மேஸ்திரி, எடுக்கல!" கார் எடுக்காததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மெக்கானிக் திருநெல்வேலிச் சீமையிலேயே அவராகத்தான் இருக்கும்.

ஜெசிந்தா ஜன்னல் வழியாகக் கையை விட்டு, தொங்கிய சாவிக் கொத்தை ஒற்றை விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"இப்பத் திருப்புங்க."

எடுத்தது.

அணைக்கச் சொன்னாள். விரலை எடுத்தாள். கொத்து சரிந்து ஒரு பக்கமாக ஆடியது.

"இப்ப?"

கல்.

அருமைநாயகம் ஓடிப்போய் ஸ்டியரிங் கவரைக் கழற்றினார். ஆறு வருஷமாக அந்தக் கொத்து தொங்கித் தொங்கி, சாவித் துளை ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தது. கொத்து அந்தப் பக்கம் சாய்ந்து இழுக்கிற நேரம் மட்டும், உள்ளே தொட வேண்டிய தகடு தொடாமல் நின்றது.

சந்தானகோபால் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"அப்பத் தப்பு அவங்க மேலதானே? இம்புட்டுச் சாவியத் தொங்கவிட்டது யாரு?"

மரகதவல்லி காரிலிருந்து இறங்கினார்.

"கேட்டுக்கு ரெண்டு பூட்டு, மாடிக்கு ரெண்டு பூட்டு, டிவி ரூமுக்கு ஒரு பூட்டு, இன்னும் கதவுக்குக் கதவு பூட்டு. எல்லாம் போடச் சொன்னது யாரு சார்? பிள்ளைங்க மேல அம்புட்டு நம்பிக்கை உங்களுக்கு. இதுல பாதிப் பூட்டைத் திறந்து விடுங்க, கொத்துல பாதி குறைஞ்சிரும். நான் வேண்டாம்னா சொல்லுதேன்?"

செயலாளருக்கு அந்த நேரம் பார்த்து ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

அருமைநாயகம் பழைய சீட்டை நான்காகக் கிழித்தார். புதுச் சீட்டில் எழுதினார்: 'சாவித் துளை தேய்ந்துள்ளது. மாற்றப்படுகிறது. ஓட்டுபவரிடம் குறை ஏதும் இல்லை.' கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக் கையெழுத்திட்டார். மரகதவல்லி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

புதுச் சாவிச் சுவிட்சை மாட்டும்போது அருமைநாயகம் மெல்லக் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் மனசு கேக்கல மேஸ்திரி. காலையிலேருந்து மாஞ்சு மாஞ்சு எடுத்தேனே. எனக்கு ஒரு தடவையாவது காட்டியிருக்கலாம்லா, இந்தக் கார்?"

ஜெசிந்தா ஸ்க்ரூவை முறுக்கி முடித்தாள்.

"ஒத்தச் சாவியில நீங்க எடுத்தது உங்க காரை அண்ணாச்சி. அவங்க கார் இப்பதான் ஷெட்டுக்கு வந்திருக்கு."