தணிகாசலம் எழுப்பிய சுவர்

"என்னால முடியலம்மா."

தணிகாசலம் கடப்பாரையை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். கை, கழுத்து, காது மடல் எல்லாம் செம்மண்.

வடிவம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிட வயதில் சின்னவள். குரு என்று ஆன பிறகு வயதை யார் பார்க்கிறார்கள்?

"என்ன முடியல?"

"பசங்க மறுபடியும் பிரிச்சுப் போட்டுட்டாங்க."

"எதை?"

"எதைன்னு சொல்லுவேன்? எல்லாத்தையும்தான்."

அவள் ஒரு காம்பை உருவினாள். "சரி, மறுபடியும் கட்டுங்க."

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. உபதேசம் கேட்டு வருகிறவருக்கு வடிவம்மா முதலில் ஒரு வேலை கொடுப்பாள். வேலை முடிந்தால்தான் உபதேசம். அதற்கு முன்னால் தலைகீழாக நின்றாலும் ஒரு வார்த்தை கிடைக்காது.

கிணறு தூர்வாரியவர் வாரி முடித்தார். உபதேசம் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போட்டவரும் அப்படியே.

தணிகாசலத்துக்கு வாய்த்தது தடைப்பாதை. ஆசிரமத்தில் வளரும் பிள்ளைகள் விளையாடுவதற்குக் கொல்லைப்புறத்தில் அமைத்துத் தர வேண்டும். ஏறவும் தாண்டவும் தவழவும் தொங்கவும் ஏதாவது இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று வேட்டியை மடித்துக் கட்டினார். பாவம், அப்போது அவருக்குப் பிள்ளைகளைத் தெரியாது.

லாரி டயர்களைப் பாதி புதைத்து வரிசையாக நட்டார். பிள்ளைகள் குதித்துத் தாண்டினார்கள். கொஞ்ச நாளில் அலுத்துப்போய்ப் பிடுங்கி உருட்டிவிட்டார்கள்.

கயிற்று வலை கட்டினார். அது ஊஞ்சலானது.

தார் டிரம்மை இரண்டு பக்கமும் வெட்டிக் குகை மாதிரி படுக்கவைத்தார். அதை நிமிர்த்தி உள்ளே ஒரு நாய்க்குட்டியைக் குடிவைத்தார்கள்.

"ஏம்ப்பா, நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதுல எப்படிப் போறதுன்னு தெரிஞ்சுபோச்சு தாத்தா. வேற பண்ணு."

வேற பண்ணினார். அதுவும் தெரிந்துபோனது.

இப்படியே ஒரு மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்துவிட்டது. இடுப்பு பிடித்துக்கொண்டது. உள்ளங்கையில் தோல் உரிந்து, ஆறி, காய்த்துப்போனது. காலையில் எழுந்து கொல்லைப்பக்கம் பார்த்தாலே அவருக்கு அழுகை வந்தது.

"அம்மா, நான் தங்குறதுக்கு வரல," என்றார். "என் வீட்டுக்காரி தவறிப் போனதுக்கப்புறம் வீட்டைப் பூட்டினேன். ரெண்டு தடவ போய் வாசல்ல நின்னேன். சாவி கையில இருக்கு, உள்ள போக முடியல. உள்ள போறதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நான் போயிடுறேன்."

வடிவம்மா கீரையிலிருந்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"வேலை முடியட்டும்," என்றாள்.

தணிகாசலத்துக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இத்தனை நாளும் வராத கோபம். வேலை முடிய வேண்டும், அவ்வளவுதானே? பிரிக்க முடியாததாக ஒன்றைக் கட்டிவிட்டால் முடிந்துவிடும்தானே?

அன்றைக்கே அஸ்திவாரம் தோண்டினார்.

செங்கல்லும் சிமென்டும் வைத்து ஒரு சுவர் எழுப்பினார். தன் தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தது. கால் வைக்க ஒரு பிடிப்பும் இல்லாமல் இரண்டு பக்கமும் வழவழவென்று பூசினார். பூச்சு காய்கிறவரை தண்ணீர் தெளித்துப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்.

பிள்ளைகள் ஓடிவந்து தாவினார்கள். வழுக்கினார்கள். மறுபடியும் தாவினார்கள். சுவர் அசையவில்லை. இரண்டு நாள் போராடிவிட்டு எல்லாம் முன்வாசலுக்குப் போய்விட்டன.

கொல்லை அமைதியானது. தணிகாசலம் குளித்து, திருநீறு பூசி, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

"முடிஞ்சுதும்மா."

வடிவம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்லா கட்டியிருக்கீங்க."

"யாராலயும் பிரிக்க முடியாதும்மா."

"பசங்க எங்க?"

"முன்னால ஓடிப்பிடிச்சு விளையாடிட்டு இருக்காங்க."

"சரி, வேலை முடிஞ்சாச்சு. உபதேசம் சொல்றேன்."

தணிகாசலம் கைகூப்பினார்.

"இங்க இல்ல. அந்தப் பக்கம். நீங்க ஏறி வாங்க."

சொல்லிவிட்டு அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு நடந்துபோய்விட்டாள்.

அவர் சுவரைப் பார்த்தார். சுற்றிப் போகலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கமாக இருந்தது. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு எம்பினார். விளிம்பு கைக்கு எட்டியது, உடம்பைத் தூக்கத்தான் முடியவில்லை. சறுக்கி விழுந்தார். ஓடிவந்து எம்பினார். முழங்கை சிராய்த்தது. பூசியவனைத் திட்டினார். பூசியவன் அவர்தான்.

சத்தம் கேட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தன் மூலையில் கிடந்த டயரை உருட்டிவந்தான். அதன்மேல் இன்னொரு டயரை ஏற்றினார்கள்.

"ஏறு தாத்தா."

"வேணாம்டா, ஆடுது."

"நாங்க பிடிச்சுக்கிறோம். ஏறு."

ஏறினார். பத்துப் பதினைந்து கைகள் பின்னாலிருந்து தள்ளின. எப்படியோ வயிற்றைப் போட்டுப் புரண்டு, சுவர்மேல் கால் பரப்பி உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

மறுபக்கம் வடிவம்மா நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் டயர் இல்லை, கைகளும் இல்லை.

"அம்மா, எப்படி இறங்குறது?"

"தெரியலியே. இந்தச் சுவத்துல நான் ஏறினதில்ல."

தணிகாசலம் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பிள்ளைகள் எதிரில் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், சுவர்மேல் உட்கார்ந்தபடியே அழுதார்.

யாரும் சிரிக்கவில்லை.

டயர்மேல் தொற்றி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இலக்கியா ஏறிவந்தாள். இரண்டாவது படிக்கிற பெண். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலை மறுபக்கம் தொங்கவிட்டாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ எப்படிம்மா இறங்குவே?"

"குதிப்பேன்."

"வலிக்காதா?"

"வலிக்கும்."

குதித்துவிட்டாள். மண்ணில் கையூன்றி விழுந்தாள். முகத்தைச் சுளித்தாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்து, நொண்டி நொண்டி நடந்து, பிறகு ஓடினாள்.

தணிகாசலம் அவள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றார் மெல்ல. "உபதேசம்?"

"அவதான் சொல்லிட்டாளே," என்றாள் வடிவம்மா. "குதிங்க."