இருபத்தொரு பெயர் வைத்த மயில்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். எப்படிப்பட்ட காடு தெரியுமா, பிள்ளைகளே? மேலே மழை பெய்தால் முதல் சொட்டு தரைக்கு வந்து சேர மூன்று நாள் பிடிக்கும். அவ்வளவு அடர்த்தி. நம்பாதவர்கள் குடையோடு போய் நின்று பார்க்கலாம்.

அந்த முள்ளம்பன்றிக்குப் பெண் குட்டி பிறந்தது. முள் இன்னும் விறைக்காத, பஞ்சுபோன்ற குட்டி. பிறந்த அன்றே அவள் குனிந்து அதன் காதில், "மௌவல்" என்று ஓதினாள். அவள் வளைக்கு மேலே படர்ந்திருந்த காட்டுமல்லிகைக்கு அந்தக் காலத்துப் பெயர் அது.

காதில் ஓதினால் மட்டும் அந்தக் காட்டில் பெயர் நிலைத்துவிடாது. ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டாம் நாள் விடியலில், பிள்ளையை ஓடையின் அக்கரையில் நிறுத்த வேண்டும். பெற்றவர் இக்கரையில் நின்று, ஓதிய பெயரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். பிள்ளை ஓடையைக் கடந்து வந்தால் பெயர் நின்றது. வராவிட்டால் போயிற்று. அப்புறம் ஊர் வாய் எதைச் சொல்கிறதோ அதுதான் பெயர், ஆயுசுக்கும்.

முள்ளம்பன்றிக்கு இது நன்றாகத் தெரியும். அவளுடைய பன்னிரண்டாம் நாளில் அவள் அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கூப்பிட்டது அக்கரைக்குக் கேட்கவில்லை. குட்டி அசையாமல் நின்றது. "துடைப்பத்தை நட்டு வைத்த மாதிரி நிற்கிறதே!" என்று ஒரு குரங்கு சிரித்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் பெயர் துடைப்பம்.

"என்னோடு போகட்டும்" என்று அவள் பல்லைக் கடித்தாள். "என் மகளுக்கு நல்ல பெயர்தான்."

மகிழ்ச்சி தாங்காமல் மறுநாள் நீர்த்துறையில் எல்லோரிடமும் சொன்னாள்: "என் பெண்ணுக்கு மௌவல் என்று ஓதியிருக்கிறேன்!"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மயில் தலையைத் தூக்கினான். அவனுக்கும் ஒரே மகள். நாற்பது நாள் குஞ்சு. பெயர் கூப்பிடும் நாளை மூன்று முறை தள்ளிப்போட்டிருந்தான். காரணம், ஓதும் பெயர்கள் இன்னும் முடியவில்லை. பழந்தமிழ்ப் பெயர் எது காதில் விழுந்தாலும் மகள் காதில் ஓதிவிடுவான். ஓதிய பெயரை வேறு யாரும் தொடக் கூடாதல்லவா?

"மௌவலா? அது என் மகள் பெயர்" என்றான்.

"என்ன மயிலண்ணா இது! உங்கள் மகளுக்குத்தான் தேமொழி, நறுமுகை, சேயிழை, ஒண்ணுதல் என்று இருபது பெயர் இருக்கிறதே?"

"இருபத்தொன்று."

பக்கத்தில் நரி காலை நக்கிக்கொண்டிருந்தது. "நேற்றுவரை இருபதுதானே அண்ணே?" என்றது.

"இன்றைக்குக் காலையில் ஓதினேன். உனக்கென்ன?" என்று மயில் சீறினான். பிறகு முள்ளம்பன்றியை மேலும் கீழும் பார்த்தான். "இதோ பார், துடைப்பம். இதெல்லாம் தோகை உள்ளவர்கள் வீட்டுப் பெயர். உன் குட்டி வளையை விட்டு வெளியே வந்தால் மண்ணைத்தானே கிளறப்போகிறது? அதற்கு எதற்கு மௌவலும் முல்லையும்? சின்னத் துடைப்பம் என்று வை. பொருத்தமாக இருக்கும்."

நீர்த்துறையே சிரித்தது. முள்ளம்பன்றிக்கு முதுகு முள் அத்தனையும் கிணுகிணுவென்று ஆடின. நேராகக் காட்டுத் தலைவியான பிடியானையிடம் போனாள்.

யானை இரண்டு பக்கமும் கேட்டது. "இருவரும் ஓதியது உண்மை. ஆகவே ஒரே நாளில் இருவரும் கூப்பிடுங்கள். வந்த பிள்ளைக்குப் பெயர்" என்று தீர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்த நிமிடத்திலிருந்து முள்ளம்பன்றி ஆரம்பித்தாள். பால் கொடுக்கும்போது, "மௌவல், வா." நக்கிக் குளிப்பாட்டும்போது, "மௌவல், காதைக் காட்டு." பாம்பு போன தடம் கண்டால், "மௌவல், உள்ளே!"

அவள் கணவனுக்குச் சலித்துவிட்டது. "இந்தா பாரு, வீட்டுக்குள்ளேயுமா இந்தப் பெரிய பெயர்? செல்லமா பாப்பான்னு கூப்பிட்டா பால் கசந்துடுமா?"

"கசக்காது. ஆனால் பன்னிரண்டாம் நாள் அக்கரையில் பாப்பாவா நிற்கப்போகிறாள்? செல்லம் கொஞ்ச வேண்டுமா, மௌவல் என்றே கொஞ்சுங்கள்."

அவன் கூச்சப்பட்டுக்கொண்டு, "மௌ... மௌவல் கண்ணு" என்றான். குட்டி அவன் மூக்கைக் கடித்தது. பிறகு அவனும் விடவில்லை.

பத்தாம் நாள் மாலை, கிழங்கு தேடிப் போன முள்ளம்பன்றி மயிலின் மரத்தடியில் நின்றுவிட்டாள். மேலே மயில் மகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்தான்.

"என் குண்டுமணி! வாயைத் திற. குண்டுமணிக்கு ஒரு பூச்சி, அப்பாவுக்கு ஒரு பூச்சி..."

முள்ளம்பன்றி அரை நாழிகை நின்று கேட்டாள். குண்டுமணி என்ற சொல் நாற்பது தரம் வந்தது. இருபத்தொரு பெயரில் ஒன்றுகூட வரவில்லை. அவள் கிழங்கை மறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினாள்.

பன்னிரண்டாம் நாள் விடிந்தது. ஓடைக்கரையில் காடே கூடியிருந்தது. இடம் இல்லாமல் ஆந்தைகள்கூட ஒன்றின் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.

"பெரியம்மா" என்று முள்ளம்பன்றி யானை முன் வந்தாள். "ஆரம்பிக்கும் முன் ஒரு வேண்டுகோள். பிள்ளை எந்தச் சொல்லுக்கு ஓடி வருகிறதோ, அதுதான் பெயர். வராத பெயர்கள் எல்லாம் காட்டுக்குச் சொந்தம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதை எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். பிறகு பேச்சு மாறக் கூடாது."

யானை அதையே உரக்கச் சொல்லிவிட்டு மயிலைப் பார்த்தது.

மயில் தோகையை விரித்தான். "தாராளமாக! என் மகளுக்கு இருபத்தொரு பெயர். எதைச் சொன்னாலும் வருவாள். முதலில் நானே கூப்பிடுகிறேன்."

அக்கரையில் மயில் குஞ்சு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"மௌவல்!" என்று மயில் ராகத்தோடு அழைத்தான்.

குஞ்சு ஒரு புழுவைப் பிடித்தது.

"மௌவல்! மௌவல்!"

குஞ்சு இரண்டாவது புழுவைப் பிடித்தது.

மயில் தொண்டையைச் செருமிக்கொண்டான். "தேமொழி! சேயிழை! நறுமுகை!" என்று மீதி இருபதையும் மூன்று மூன்று தரம் சொன்னான். மௌவலோடு சேர்த்து அறுபத்து மூன்று முறை. குஞ்சு ஒருமுறை நிமிர்ந்து, அப்பா யாரைக் கூப்பிடுகிறார் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை. மறுபடி புழுவுக்குக் குனிந்தது.

கூட்டம் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மயிலுக்கு மானம் போயிற்று. "அடியே குண்டுமணி! காது கேட்கவில்லையா?" என்று கத்தினான்.

அவ்வளவுதான்! குஞ்சு இறக்கையை அடித்துக்கொண்டு, கல்லுக்குக் கல் தாவி, "இதோ வந்துட்டேன் அப்பா!" என்று ஓடிவந்து அவன் காலடியில் நின்றது.

"பெயர் நின்றது" என்றது யானை. "குண்டுமணி!"

"ஐயோ, அது வீட்டில் சும்மா கூப்பிடுவது!"

"வந்துவிட்டாளே, மயிலே" என்றது யானை, தும்பிக்கையால் சிரிப்பை மறைத்துக்கொண்டு. "அடுத்தது யார்?"

முள்ளம்பன்றி இக்கரையில் வந்து நின்றாள். அக்கரையில் அவள் குட்டி தன்னந்தனியாக நின்றது. அதற்கு ஓடை ஒரு கடல்.

"மௌவல்!"

குட்டி ஒரு காலைத் தண்ணீரில் வைத்து, சில்லிட்டதும் எடுத்துக்கொண்டது.

நரிக்குக் குறும்பு பொறுக்கவில்லை. "ஏ சின்னத் துடைப்பம்! இங்கே வா, கிழங்கு தருகிறேன்!" என்று கூவியது.

குட்டி நரியின் பக்கம் திரும்பவே இல்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கும். அது அம்மாவின் வாயையே பார்த்தது.

"மௌவல், வா!"

குட்டி தண்ணீரில் குதித்தது. நடு ஓடையில் மூக்கு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

"மௌவல்!" என்று அவள் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற கணவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு ஈர உருண்டை வெளியே வந்தது. காலை உதைத்து, கரையைப் பிராண்டி ஏறி, அம்மாவின் மேல் ஈரம் மொத்தத்தையும் உதறிவிட்டு, "ஏம்மா, பால் நேரமா?" என்றது.

யானை பிளிறிய பிளிறலில் பழுக்காத பலாக்காயெல்லாம் பழுத்து விழுந்தது. "மௌவல்! பெயர் நின்றது!"

அன்று பொழுது சாய்வதற்குள் மயிலின் மற்ற இருபது பெயர்களும் காடெங்கும் பறந்துபோயின. காட்டுப்பன்றி மகள் நறுமுகை ஆனாள். கரடி மகள் சேயிழை. எருமைக் கன்று ஒண்ணுதல். மாலையில் ஓடைக்கரையில் ஒரு தவளை, "தேமொழி! தேமொழி!" என்று மகளைக் கூப்பிட, அவளும் தொண்டை கிழிய, "க்ராக்! வந்துட்டேன்!" என்று பதில் சொன்னாள்.

நீதி: நல்ல பெயர் சேர்த்து வைப்பவருக்குச் சொந்தமில்லை, வாயாரக் கூப்பிடுபவருக்கே சொந்தம்.