பதில் சொன்ன காது

"நம்ம துறை எப்ப மேடம் தலை நிமிரும்?" என்று கேட்டார் இசக்கிராஜா.

மெஹருன்னிசா ஒரு லாரி டிரைவரின் மூக்குக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

மாவட்ட மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைத் துறைக்கு அவர் தலைவர். வயது முப்பத்தெட்டு. அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியராக இருந்த இசக்கிராஜாவுக்கு நாற்பத்தாறு. பதினாலு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலும் பாம்புக்கடியும் பார்த்துவிட்டு, மேல்படிப்பு முடித்து வந்தவர். தொழிலின் நுணுக்கம் எல்லாம் இந்த அம்மாளிடம்தான் கற்றார்.

அந்தத் துறைக்கு முதலில் இருந்தது ஓர் அறை, இரண்டு ஸ்டூல். மைக்ராஸ்கோப், தனி வார்டு, வாரத்தில் மூன்று நாள் ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் மெஹருன்னிசா டீனிடம் மல்லுக்கு நின்று வாங்கியவை. கெஞ்சியிருந்தால் ஒரு பல்பு கூடக் கிடைத்திருக்காது.

ஒன்றுதான் கிடைக்கவில்லை. மேல்படிப்பு மாணவர்கள்.

அதற்கு அனுமதி தரும் ஆய்வுக் குழு இரண்டு முறை வந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் மெஹருன்னிசாவே பதில் சொன்னார். ஒரு பதிலிலும் பழுதில்லை. இரண்டு முறையும் 'ஒருவரை வைத்து ஒரு துறையா?' என்று கைவிரித்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை மூன்றாவது முறை வருகிறார்கள். இதுவும் போனால் தியேட்டர் நாளில் இரண்டைக் கண் துறைக்குக் கொடுத்துவிடுவேன் என்று டீன் சொல்லியாயிற்று.

"கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலையே மேடம்."

"முதல்ல அந்தச் சொர்ணத்தைப் பாருங்க சார்."

சொர்ணம் பூக்கடைக்காரி. இடது காது கேட்கவில்லை.

காது சோதிக்கும் மிஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. இசக்கிராஜா டியூனிங் ஃபோர்க் என்ற இசைக்கவையைத் தட்டி இடது காதுக்கு எதிரே பிடித்தார்.

"கேக்குதா?"

"இல்ல சார்."

மறுபடி தட்டி, இடது காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார்.

"இப்ப?"

"ஆங், ரீங்குனு நல்லா கேக்குது!"

எலும்பு வழியாகக் கேட்கிறது. அப்படியானால் உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது. ஆபரேஷன் செய்தால் சரியாகும். அப்படியே எழுதி, திங்கட்கிழமை லிஸ்டில் பெயரையும் சேர்த்தார்.

மெஹருன்னிசா சீட்டை வாங்கிப் பார்த்தார். நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"மேடம்!"

அவர் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். சாவி கொடுத்தால் வேறெதுவும் கேட்காதபடி கரகரவென்று இரையும் பெட்டி. அதைச் சொர்ணத்தின் நல்ல காதில், வலது காதில், வைத்து அழுத்தினார். டியூனிங் ஃபோர்க்கை இசக்கிராஜாவிடம் நீட்டினார்.

அவர் தட்டினார். அதே இடத்தில் வைத்தார்.

சொர்ணம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப வைப்பாரு டாக்டரம்மா? யாவாரம் கெடுதுல்லா!" என்று கத்தினாள். அவள் எலும்பில் ஃபோர்க் பாடிக்கொண்டிருந்தது.

இசக்கிராஜாவுக்குப் புரிந்தது. இடது காது செத்த காது. சத்தம் மண்டையோடு வழியாக அந்தப் பக்கம் போய், இவ்வளவு நேரம் வலது காது பதில் சொல்லியிருக்கிறது.

பெட்டியை எடுத்ததும் சொர்ணம் சொன்னாள்: "சின்னதுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அதுலேர்ந்துதான். யாரு கேட்டா?"

"நான் கேட்கலை" என்றார் இசக்கிராஜா.

வியாழக்கிழமை காலை மெஹருன்னிசா கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தார். மேஜையில் ஒரு மருந்துச் சீட்டை வைத்தார். 'குரல்நாண் வீக்கம். இன்று முழுவதும் பேசக் கூடாது.' கையெழுத்து: மெஹருன்னிசா.

"விளையாடாதீங்க மேடம்! இன்னைக்கா?"

அவர் மூலையில் போய் உட்கார்ந்தார்.

குழுத் தலைவர் கறாரான மனிதர். முதல் கேள்வியை மூலையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"போன வருஷம் எத்தனை காது ஆபரேஷன்?"

மூலை தலையாட்டியது. அவ்வளவுதான்.

"முந்நூத்திப் பன்னிரண்டு" என்றார் இசக்கிராஜா. குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"எத்தனை பேருக்கு மறுபடி திறக்க வேண்டி வந்தது?"

"பதினெட்டு சார்" என்றாள் தியேட்டர் நர்ஸ் பேச்சியம்மாள், கேட்காமலே. "அதுல நாலு போன வருஷம் நான் வந்த புதுசுல, கிருமி போகக் கருவியைக் கொதிக்க வைக்கறதுல கோளாறு. இப்ப அது கிடையாது."

தலைவர் பேனாவை மூடினார். "எல்லா ஊரிலும் ஆபரேஷன் பண்றாங்க. மாணவனுக்கு இங்க என்ன சொல்லிக்கொடுப்பீங்க?"

இசக்கிராஜா மூலையைப் பார்த்தார். மெஹருன்னிசா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு ஒரு செத்த காதை எழுதினேன் சார். நான்தான். அதைச் சொல்லிக்கொடுப்பேன்."

அவர் நிறுத்தவில்லை. பெட்டிக்குச் சாவி கொடுத்து, தலைவரின் காதிலேயே வைத்து, சொர்ணத்தின் கதை முழுவதையும் நடத்திக்காட்டினார். கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

தலைவர் காதைத் தேய்த்துக்கொண்டார். "மூணு இடம் கேட்டிருக்கீங்க. ஒண்ணுன்னா எழுதலாம்."

"ஒண்ணா?" இசக்கிராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெளியே வந்து அந்த வரிசையைப் பாருங்க சார். தினம் நூத்தி அறுபது பேர். மூணு மாவட்டம். ஒரு மாணவன் யாரைப் பார்ப்பான்?"

"சரி, ரெண்டு."

"மூணு."

"பிடிவாதக்காரரா இருக்கீங்களே?"

"மூணு சார்."

தலைவர் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

இருபத்திரண்டாம் நாள் கடிதம் வந்தது. இசக்கிராஜா ஓ.பி. வரிசையை விலக்கிக்கொண்டு ஓடினார். வார்டே திரும்பிப் பார்த்தது. பேச்சியம்மாள் கைதட்டினாள். எதற்கென்று தெரியாமல் நோயாளிகளும் தட்டினார்கள்.

"மூணு மேடம்! மூணும்!"

மெஹருன்னிசா கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு பேர் உட்கார்ந்து படிக்க இடம்?"

"இல்லை."

"டீன் தரமாட்டார்."

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தார்.

இசக்கிராஜா டீன் அறைக்குப் போகும் படியில் பாதி ஏறியிருந்தார்.