திருப்பி அனுப்பியதற்கு ஒரு முரசு

குன்றின்மேல் இருந்த கல்விச்சாலைக்கு ஆண்டுதோறும் ஆயிரம் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். பன்னிரண்டு பேரைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். திருப்பி அனுப்பிய ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசல் முரசில் ஓர் அடி விழும். காலையில் தொடங்கினால் முடிய உச்சிப்பொழுது ஆகிவிடும். எவ்வளவு நேரம் முழங்குகிறதோ, சாலைக்கு அவ்வளவு பெருமை.

அடிப்பவன் சேந்தன். ஆசிரியை இளவெயினியிடம் இருபது ஆண்டாகச் சீடன். தோள் வலிக்க வலிக்க அவனுக்கு முகம் மலரும்.

அந்த ஆண்டு அரசன் நெல் அனுப்புவதை நிறுத்திவிட்டான். குதிரில் கிடந்த நெல் தை வரைக்கும்தான் வரும். அப்புறம் சாலையை மூட வேண்டியதுதான்.

“என்ன செய்வது, அம்மா?” என்று சேந்தன் இளவெயினியிடம் கேட்டான்.

“கீழே ஊரில் கேட்டுப் பார்.”

சேந்தன் இறங்கிப் போய் முதல் வீட்டில் நின்றான். செக்கில் எண்ணெய் ஆட்டும் வேலாத்தாள் மாட்டை நிறுத்திவிட்டு வந்தாள். அவன் சொன்னதை முழுசாகக் கேட்டாள்.

“எங்க ஊருப் பிள்ளை யாராச்சும் அங்கே படிக்குதா, சாமி?”

“இப்போதைக்கு இல்லை.”

“எப்போ இருந்துச்சு?”

சேந்தன் யோசித்துப் பார்த்தான். ஒரு பெயரும் வரவில்லை.

“என் மக்க மூணு பேரும் மேலே வந்தாங்க. மூணு பேருக்கும் முரசை நல்லாத்தான் அடிச்சீங்க, செக்கடி வரைக்கும் கேட்டுச்சு. உங்க அடுப்பு அணையற அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க. நானும் வந்து ஓர் அடி அடிக்கிறேன்.”

பொழுது சாய்வதற்குள் சேந்தன் திரும்பிவிட்டான். முகம் கறுத்திருந்தது.

“நன்றி கெட்ட ஊர், அம்மா. போன வாரம் பேரனோடு வந்தாரே, அந்த உப்பு வணிகர் சொன்னதற்கே ஒத்துக்கொள்வோம். வேண்டிய நெல் தருகிறாராம். பேரனுக்கு ஓர் இடம் மட்டும் கேட்கிறார்.”

“பிள்ளை எப்படி?”

“பேர் கேட்டேன். கொட்டாவி விட்டான்.”

“ஒளிக்கத் தெரியாத பிள்ளை,” என்று இளவெயினி சிரித்தார். “அது கிடக்கட்டும். நீ சாப்பிட்டாயா?”

“ஆயிற்று. ஊரில் செக்கு ஆட்டும் அம்மாள்தான், திட்டிக்கொண்டே களி கிண்டிப் போட்டாள்.”

இளவெயினி எழுந்தார். சுவடிகளை அடுக்கிக் கட்டினார். கட்டைத் தூக்கிச் சேந்தன் தோளில் வைத்தார்.

“நாளையிலிருந்து பாடம் அவள் செக்கடியில்.”

சேந்தன் பதறிப்போனான். “அங்கே கதவே கிடையாதே, அம்மா! யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்துவிடுவார்களே!”

“சோறு போடுகிறவர்கள் உட்காரட்டுமே.”