ஃப்ரீசர் அலறிய காலை

அன்று காலை மெய்யம்மையால் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவள் அவள். படிக்க எடுத்துக்கொண்டதும் முடக்குவாதம், பாதியில் உடம்புக்கு வந்து சேர்ந்ததும் முடக்குவாதம்.

ஆய்வு வழிகாட்டி ஹாஜரா அவளைவிட வயதில் இளையவர். மூடியைத் திறந்து கொடுத்தார்.

"ஊசி போட்டீங்களா?"

"இல்லை மேடம். டீ ரூம் ஃப்ரிட்ஜ்லயே கிடக்கு."

"ஏன்?"

"அலுத்துப்போச்சு. எலும்புல இருக்கற செல்லே சிக்னல் அனுப்பி அழற்சியைக் கூப்பிடுது. வந்தது எலும்பையே அரிக்குது. அரிபட்ட எலும்பு இன்னும் சத்தமாக் கூப்பிடுது. ஊசி அந்தச் சத்தத்தை மட்டும்தானே அடைக்கும்? நோய் போயிடுமா?"

 ஹாஜரா வாய் திறப்பதற்குள் பக்கத்து அறையில் ஃப்ரீசர் அலறியது.

கரண்ட் போய் வந்திருந்தது. உள்ளே நோயாளிகள் தந்த எலும்புத் துண்டுகள், மெய்யம்மையின் இத்தனை வருட உழைப்பு. உருகினால் எல்லாம் குப்பை.

அவர்கள் போவதற்குள் ஆள் கூடிவிட்டது. டெக்னீஷியன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அடுத்த லேப் பெண் "என்னாச்சு?" என்று மறுபடி திறந்தாள். வெளிக்காற்று உள்ளே போய், கதவிலிருந்த வெப்பநிலைத் திரையில் குளிர் இன்னும் குறைந்தது. அலறல் நிற்கவில்லை. அதைக் கேட்டு மேலும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். மெய்யம்மையும் பதறிப்போய்க் கைப்பிடியைப் பற்றினாள்.

"விடுங்க," என்றார் ஹாஜரா. "உள்ள பிரியாணியா இருக்கு, ஆளாளுக்குத் திறந்து பார்க்க?"

கதவை அழுத்திச் சாத்தினார். அலாரத்தை அணைத்தார். ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். ஹாஜரா கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். மெய்யம்மை ஸ்டூலில் உட்கார்ந்து, வீங்கிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு, திரையையே பார்த்தாள். மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

வெகுநேரம் கழித்து, குளிர் மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"சத்தத்தை மட்டும்தானே அடைச்சீங்க மேடம்?"

"ஆமா," என்றார் ஹாஜரா. "சத்தம் நின்னதும் கதவைத் திறக்க ஆள் வரலை. உள்ள குளிர் தானா திரும்புது."

 மெய்யம்மை சுவரைப் பிடித்து எழுந்து, டீ ரூம் ஃப்ரிட்ஜை நோக்கி நடந்தாள்.