இடுப்புக்கு ஓர் அப்பளம்

"இந்த இடுப்பைக் கழட்டி வச்சுட்டு வேற மாட்டிக்கலாம்னா, எங்க கெடைக்கும்னு சொல்லுங்க ஆசானே," என்றார் சேவுகன்.

லாரி ஓட்டுகிறவர், நாற்பத்தைந்தைத் தாண்டியவர். சிலம்பம் கற்றுத் தரும் அழகுநாச்சி அவரைவிட இளையவள். ஆனாலும் களத்தில் அவள்தான் ஆசான்.

கம்பைச் சுழற்றிக்கொண்டே பின்பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். அவருக்குக் கை திரும்பும், தலை திரும்பும். இடுப்பு மட்டும் ரோட்டில் படுத்த எருமை மாதிரி அசையாது.

கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் அரங்கேறிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை திருவிழா. இன்றைக்குத் திரும்பாவிட்டால் இந்த வருடமும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

"எண்ணெய் போட்டு நீவியாச்சு. ஒத்தடம் குடுத்தாச்சு. இன்னும் என்னத்தத்தான் செய்யுறது?"

அழகுநாச்சி மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, பொரித்த அப்பளம் ஒன்றை எடுத்தாள்.

"வாயத் தொறங்கண்ணே."

முன்பற்களுக்கு நடுவில் அதை வைத்தாள்.

"இப்பச் சுத்துங்க."

சேவுகன் கம்பைத் தூக்கினார். எத்தனையோ மலைப்பாதைகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்த மனிதர். இதையும் அப்படியே கடந்துவிடப் பார்த்தார்.

அப்பளம் நொறுங்கியது. இடுப்பு நின்றது.

இன்னொன்று வைத்தாள். கம்பு எழும்புவதற்குள் அதுவும் போய்விட்டது.

மூன்றாவதைக் கோபத்திலேயே மென்று விழுங்கினார்.

"இடுப்பு திரும்பலைன்னு வந்தா, வாயில அப்பளத்தச் சொருகுறீங்க. என்னையப் பாத்தாக் கேணப்பய மாதிரியா தெரியுது?"

எரிச்சலில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அழகுநாச்சி தூக்குக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கடைசி ஒண்ணுதான் இருக்கு. இன்னைக்கு வெறும் ரசஞ்சோறுண்ணே. இதையும் ஒடச்சுட்டீங்கன்னா எனக்குத் தொட்டுக்க ஒண்ணுமில்ல."

"எச்சியாயிருமே."

"ஓரத்தப் பிச்சுப் போட்டுட்டுத் தின்னுக்குவேன்."

ஆசானின் சாப்பாட்டில் மூன்று அப்பளத்தைக் காலி செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. நான்காவதை மிகவும் பதமாக வாயில் வாங்கிக்கொண்டார்.

இடுப்பு மறந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் மறந்துபோயிற்று. அப்பளம் ஒன்றுதான் நினைப்பு.

தாடை தளர்ந்தது. கழுத்து இளகியது. கம்பு கிளம்பியது. பிள்ளைகள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு ரயில் விடுவதுபோல, தோளுக்குப் பின்னால் முதுகு, முதுகுக்குப் பின்னால் இடுப்பு, அதற்கும் பின்னால் குதிகால் என்று மொத்த உடம்பும் போனது.

நின்றபோது எதிரே அவருடைய லாரி தெரிந்தது. அதுவரை அது முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தது.

"இடுப்பு என்னண்ணே சொல்லுது?" அழகுநாச்சி வந்து அவர் முகவாய்க்குக் கீழே கையை நீட்டினாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்பளம் முழுசாக அவள் கையில் விழுந்தது.

அவள் ஓரத்தைப் பிய்த்துப் போட்டாள்.

"ஞாயித்துக்கெழமை கம்பு நான் தர்றேன். அப்பளம் நீங்க கொண்டாந்துருங்க."